கடப்பாரை இறங்காத தீவில் கல்லறை

1846 அக்டோபர் 11ஆம் தேதி, ஹவானாவைச் சூறையாடிவிட்டு வடக்கே ஏறிய புயல் கீ வெஸ்ட் தீவில் புகுந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தென்கோடியிலிருந்து கடலுக்குள் வளைந்து நீளும் தீவுச் சங்கிலியில், மக்கள் வாழும் கடைசிப் பெரிய தீவு அது. கரையிலிருந்த கலங்கரை விளக்கம், தஞ்சம் புகுந்தவர்களோடு சேர்ந்து சரிந்தது. அதன் பக்கத்திலேயே, வைட்ஹெட் முனை என்ற இடத்தில், கடற்கரை மணலில் ஊர்ப் பொது இடுகாடு இருந்தது. அலை மணலை அள்ளிக்கொண்டு போனபோது பெட்டிகளும் எலும்புகளும் கூடவே போயின. சில பிணங்கள் மரக்கிளைகளில் சிக்கிக் கிடந்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன.

ஊரார் அதன் பிறகு பொது இடுகாட்டைக் கடற்கரையில் வைக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1847இல், தீவின் நடுவில் சொலாரெஸ் குன்றின் அடிவாரத்தில் நிலம் வாங்கினார்கள். குன்று என்பது மரியாதைக்குச் சொல்வது; அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஐந்தரை மீட்டர்தான். நம் ஊரில் இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடி அதைவிட உயரம். ஆனாலும் தீவிலேயே அதுதான் உயர்ந்த இடம். அந்த நிலத்தில் உருவான கல்லறைத் தோட்டம் இன்று ஏறத்தாழ 19 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. அங்கே 60,000 முதல் 1,00,000 பேர்வரை அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஊரில் உயிரோடு இருப்பவர்கள் ஏறத்தாழ 26,000 பேர்தான்.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது, தரையில் புதைத்த சமாதிகளைவிடத் தரைக்கு மேல் கட்டியவை அதிகம் என்பதுதான். செங்கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டி வெள்ளையடித்த பெட்டகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அறைகள், பெயர்ப் பலகை பதித்த சுவர் மாடங்கள். சுற்றுலா வழிகாட்டிகளிடம் காரணம் கேட்டால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். தீவு, கடல், தண்ணீர் என்று கேட்பவருக்கும் அது உடனே பிடிபட்டுவிடுகிறது. தண்ணீருக்கு இதில் பங்கு இருப்பது உண்மை. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது நியாயமில்லை. என் கணக்கில் முதல் காரணம் கல். தண்ணீர் அதற்கு அடுத்தது. மூன்றாவது, தீவுக்குக் குடியேறியவர்கள் தங்களோடு கொண்டுவந்த வழக்கம். வழிகாட்டிகள் பேச மறப்பது இந்த மூன்றாவதைத்தான்.

கல்லிலிருந்தே தொடங்கலாம். ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்துக்கு முந்தைய வெப்பக் காலத்தில், உலகக் கடல்மட்டம் இன்றிருப்பதைவிட ஆறு மீட்டர் அல்லது அதற்கும் மேல் உயர்ந்திருந்தது. இன்றைய கீ வெஸ்ட் அப்போது ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடித்தளம். அந்த நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்து செறிந்திருந்தது. ஓதம் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்ததில், ஓட்டுத் துணுக்கோ மணல் துகளோ அடித்தளத்தில் உருண்டுகொண்டே இருந்தது. உருளும் துகளைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட் படலம் படலமாகப் படிந்தது. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத இந்த உருண்டைகள் கோடிக்கணக்கில் குவிந்தன. பனியுகம் வந்து கடல் பின்வாங்கியபின் மழைநீர் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பாறையாக்கியது. புவியியலாளர்கள் இதை ஊலைட் வகைச் சுண்ணாம்புக்கல் என்பார்கள். அதே சங்கிலியில் வடகிழக்கே உள்ள தீவுகள் பழைய பவளத்திட்டுகளே கல்லாகிப்போனவை. கீ வெஸ்ட் அப்படியல்ல. அது உருண்டைக்கல் தீவு.

இந்தக் கல்மேல் மண் விரற்கடை அளவுதான். ஆறும் இல்லை, வண்டல் கொண்டுவரும் வெள்ளமும் இல்லை. இலை மக்கி உண்டாகும் மண்ணைக்கூட ஒரு பெருமழை கல்லின் பொந்துகளுக்குள் இறக்கிவிடும். ஆறடிக் குழி தோண்ட வேண்டுமானால் ஏறக்குறைய முழு ஆழத்துக்கும் பாறையை வெட்ட வேண்டும். இன்று அதற்கு இயந்திரம் உண்டு. 1847இல் கடப்பாரை, சம்மட்டி, உளி மூன்றும்தான். வெப்பமண்டல வெயிலில் இறந்தவரை அதிக நேரம் வைத்திருக்கவும் முடியாது. கல்லை இரண்டு நாள் உடைப்பதைவிட, உடைத்த கல்லையும் செங்கல்லையும் வைத்து மேலே ஒரு பெட்டகம் கட்டிவிடுவது சுலபம்.

அப்படியானால் பழைய இடுகாட்டை ஏன் கடற்கரையில் வைத்தார்கள்? முன்யோசனை இல்லாதவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் அது முழுக்க யோசித்துச் செய்த காரியம். சுண்ணாம்புக்கல் தீவில் மண்வெட்டி இறங்கும் இடம் ஒன்றுதான், கடற்கரை மணல். தோண்டவும் சுலபம், மூடவும் சுலபம். கரீபியன் கடல் முழுக்க இந்த ஒழுங்கைப் பார்க்கலாம். கேமன் தீவுகளின் பழைய இடுகாடுகள் பலவும் கரையோர மணலில் இருப்பவை; அவற்றில் சிலவற்றில் சமாதிக்கு மேல் குட்டி வீட்டின் வடிவில் கற்குறிகள் நிற்கும். பிரான்சின் ஆட்சியிலுள்ள குவாதலூப் தீவில், செயின்ட் ஃபிரான்சுவா ஊர்க் கடற்கரையில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் புதைகுழிகளை அலை அரித்து வெளியே கொண்டுவந்திருக்கிறது. அங்கே இன்னொரு கணக்கும் வேலை செய்தது. நல்ல நிலம் கரும்புக்கு. பயனற்ற மணல் அடிமைகளின் பிணங்களுக்கு.

மணலைத் தோண்டுவது சுலபம் என்றால் அலைக்கும் அது சுலபம்தான். ஆறடி ஆழத்தில் இருப்பதால் பெட்டி பத்திரம் என்பது, மேலே இருக்கும் ஆறடி மணல் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஒரு பெரும்புயல் ஒரே இரவில் கரையின் உருவத்தையே மாற்றிவிடும். கல்லில் தோண்ட முடியாது, மணலில் தோண்டினால் நிலைக்காது என்ற இந்த இக்கட்டிலிருந்துதான் தரைக்கு மேலே கட்டும் யோசனை பிறக்கிறது. தண்ணீர் இன்னும் கதைக்குள் வரவேயில்லை.

இப்போது தண்ணீருக்கு வருவோம். தீவில் பெய்யும் மழை பாறையின் துளைகள் வழியே கீழே இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல்நீர் நிறைந்திருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. எனவே நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஆப்பத்தின் உருவில் படர்ந்து கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே அது நாற்பது பங்கு ஆழம்வரை இறங்கும் என்று கணக்கிடலாம். 1880களின் இறுதியில் டச்சு ராணுவப் பொறியாளர் பாதோன் கைபன் இதை எழுதினார். பின்னர் 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க், வட கடலிலுள்ள நார்டர்னை என்ற தீவுக்குக் குடிநீர் ஏற்பாடு செய்யும் வேலையில் தனியாக அதே முடிவுக்கு வந்தார். இன்று இருவர் பெயரையும் சேர்த்துத்தான் அந்த விதியைச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் சுண்ணாம்புக்கல்லில் இப்படி மிதக்கும் நன்னீரை நம்பியே இருக்கின்றன; அளவுக்கு மேல் இறைத்தால் அங்கே உப்பு ஏறுவதற்குக் காரணம் இந்த நாற்பது மடங்குக் கணக்குதான்.

கீ வெஸ்டில் நன்னீர்ப் படலம் மிக மெலிந்தது. தடித்த இடத்திலும் சில அடிகளே. பாறை முழுக்கப் பொந்தும் பிளவுமாக இருப்பதால் ஓதம் உள்ளே புகுந்து கலக்கிவிடுகிறது. அதனால்தான் அத்தீவு மக்கள் கூரைமழையைத் தொட்டியில் பிடித்தே நெடுங்காலம் காலம் தள்ளினார்கள். 1942இல் கடற்படை பெருநிலத்திலிருந்து குழாய் போட்ட பிறகே ஊருக்குத் தாராளமாகத் தண்ணீர் வந்தது. நமக்கு இங்கே தேவையான செய்தி வேறு. படலம் அவ்வளவு மெலிது என்றால், நாற்பதில் ஒரு பங்குக் கணக்குப்படி, நிலத்தடி நீரின் மேல்மட்டம் கடல்மட்டத்தைவிட அதிகம் உயர்ந்திருக்க முடியாது. ஏறக்குறைய கடல்மட்டமே நீர்மட்டம்.

இதை வைத்து வழிகாட்டியின் வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கலாம். சொலாரெஸ் குன்றின் உச்சியில் நீங்கள் நின்றால் நீர்மட்டம் காலடியிலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் கீழே. ஆறடிக் குழி என்பது 1.8 மீட்டர். குழியில் தண்ணீர் ஊறக் காரணமே இல்லை. சரிவில் இறங்க இறங்கத்தான் நிலைமை மாறும். தரை இரண்டு மீட்டர் உயரத்துக்குக் குறைந்த இடங்களில் ஆறடிக் குழியின் அடி ஈரமாகும், பெருமழைக்கும் பெரிய ஓதத்துக்கும் நீர் ஏறும். ஆக, தண்ணீர்க் காரணம் தோட்டத்தின் தாழ்ந்த பகுதிக்குப் பொருந்தும், மேட்டுக்குப் பொருந்தாது. மேட்டிலும் ஏன் பெட்டகம் கட்டினார்கள் என்பதற்குத் தண்ணீரிடம் பதில் இல்லை.

பெட்டி மிதக்கும் என்கிறார்களே, அது மட்டும் உண்மையா? உண்மைதான், கணக்குப் போட்டே காட்டலாம். இரண்டு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரமுள்ள மரப்பெட்டியின் கொள்ளளவு 540 லிட்டர். உடலும் பெட்டியும் சேர்ந்து 130 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் நீர் நிறைந்து, உள்ளே நீர் புகாமல் இருந்தால், பெட்டியை மேலே தள்ளும் நிகர விசை 410 கிலோ எடைக்குச் சமம். அதை அழுத்திப் பிடிக்க வேண்டியது மேலிருக்கும் மண். நனைந்த மண்ணுக்கும் நீரில் எடை குறையும்; ஒரு கன மீட்டர் மண்ணின் நிகர எடை 900 கிலோ அளவுக்கு வந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் இருந்தால் பெட்டியின் மேல் ஏறத்தாழ 1,080 கிலோ, கவலையில்லை. மண்ணே கிடைக்காத தீவில் 30 சென்டிமீட்டர் மட்டும் மூடியிருந்தால் 324 கிலோதான். பெட்டி எழும்பிவிடும்.

பழைய பலகைப் பெட்டியில் நீர் கசிந்து புகுந்துவிடும்; காற்று வெளியேறும்; பெட்டி அங்கேயே கிடக்கும். காற்றுப் புகாதபடி அடைத்த உலோகப் பெட்டியும் கான்கிரீட் உறையும் வந்த பிறகே மிதப்பது பெரிய தொல்லையானது. அமெரிக்காவில் பெட்டியை இறக்கும் கான்கிரீட் உறை ஏறத்தாழ ஒரு டன் எடை இருக்கும். அவ்வளவு கனமானது மிதக்குமா என்றால், அதன் வெளிக் கொள்ளளவு ஒன்றரை கன மீட்டர். ஒன்றரை டன் நீரை அது இடம்பெயர்க்கிறது. உடலும் பெட்டியும் சேர்ந்தாலும் உறை நீரைவிட இலேசாகவே இருக்கிறது. 1993 ஜூலையில் மிசூரி ஆறு பெருகியபோது ஹார்டின் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்திலிருந்து பெட்டிகளும் உறைகளுமாக 700க்கும் மேற்பட்டவை பெயர்ந்து போயின. 2005இல் கத்ரீனா, ரீட்டா புயல்களுக்குப் பின் லூசியானாவில் வயல்களிலும் காடுகளிலும் வீட்டு வாசல்களிலும் இப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

கீ வெஸ்டின் பழைய செங்கல் பெட்டகங்கள் இதில் தப்பிக்கும். காரணம் அவற்றின் உறுதி அல்ல, ஓட்டைதான். இருந்த இடத்திலேயே சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவரில் நீர் உள்ளே போகும், வெளியே வடியும். சிறைப்பட்ட காற்று இல்லாததால் மேலே தள்ள எதுவும் இல்லை. ஒழுகாத பெட்டி வேண்டும் என்று அதிகப் பணம் கொடுத்து வாங்குபவர்கள் தாழ்நிலத்தில் வாழ்ந்தால் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நிலத்தடி நீர் இன்னொரு வேலையும் செய்யும், அது பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. ஈரத்தில் உடல் சீக்கிரம் அழியும் என்று நாம் எண்ணுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியத் தடயவியல் மருத்துவர் காஸ்பர் சொன்ன தோராய விதி ஒன்று உண்டு. திறந்த காற்றில் ஒரு வாரத்தில் நேரும் சிதைவு நீரில் இரண்டு வாரமும் மண்ணில் எட்டு வாரமும் எடுக்கும் என்பது அது. வெப்பம், பூச்சி, உயிர்வளி மூன்றும் காற்றில் கிடைக்கின்றன; நீர் தேங்கிய மண்ணில் மூன்றும் குறைவு. உயிர்வளி அறவே இல்லாத ஈரத்தில் பாக்டீரியாக்கள் உடல் கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றி, வெளிறிய மெழுகாக இறுகச் செய்துவிடுகின்றன. அடிப்போசியர் என்று பெயர். இறுகிய உடல் பல பத்தாண்டுகள் உருக்குலையாமல் கிடக்கும். 1780களில் பாரிசின் பழைய இன்னசென்ட்ஸ் இடுகாட்டைக் காலி செய்தபோது இந்தப் பொருள் குவியல் குவியலாகக் கிடைத்தது. வேதியியலாளர் ஃபூர்க்ருவா அதை ஆராய்ந்து பெயரிட்டார்.

இடம் குறைந்த தீவுக்கு இது பெரிய சிக்கல். ஒரே குழியை அடுத்த தலைமுறைக்கும் பயன்படுத்த வேண்டுமானால் முதல் உடல் எலும்பாகியிருக்க வேண்டும். நீர் ஊறும் குழியில் அது நடக்காது. வெயிலில் காயும் கல் பெட்டகத்தில் நடக்கும், அதுவும் விரைவாக. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஓராண்டும் ஒரு நாளும் கழிந்த பிறகே குடும்பப் பெட்டகத்தைத் திறப்பது என்ற வழக்கம் உண்டு. அத்தனை கோடைவெப்பத்தில் உலர்ந்த எலும்புகளைப் பின்பக்கமோ அடியிலுள்ள குழியிலோ ஒதுக்கிவிட்டு அடுத்தவரை வைப்பார்கள். வெனிஸ் நகரத்தாருக்கும் இதே கவலை. நெப்போலியன் ஆட்சியில் ஊருக்குள் புதைப்பதற்குத் தடை வந்தபின், அவர்களுடைய இடுகாடு தனித் தீவுக்கு மாறியது. இன்று சான் மிக்கேலே என்று அழைக்கப்படும் அந்தத் தீவுக்குப் பிணம் படகில்தான் போகும். பெரும்பாலானவர்களுக்கு அங்கே நிரந்தர இடம் கிடையாது. சில ஆண்டுகள் கழித்து எலும்பை எடுத்துச் சிறிய மாடத்தில் வைத்துவிட்டு, குழியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இனி, யாரும் அதிகம் பேசாத அந்த மூன்றாவது காரணம். 1868இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கியூபாவில் விடுதலைப் போர் வெடித்தபோது ஆயிரக்கணக்கானோர் கடலைத் தாண்டிக் கீ வெஸ்டுக்கு ஓடிவந்தார்கள். சுருட்டுத் தொழிலும் அவர்களோடு வந்தது. சில பத்தாண்டுகளில் அந்தச் சின்னத் தீவு ஃபுளோரிடாவின் மிகப் பெரிய ஊராகவே ஆகிவிட்டது. அந்தப் போரில் மாண்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் தனி நினைவிடம் உண்டு. 1898இல் ஹவானா துறைமுகத்தில் வெடித்துச் சிதறிய 'மெயின்' போர்க்கப்பலின் மாலுமிகள் சிலரும் அங்கேதான் கிடக்கிறார்கள். வந்த கியூபர்கள் எப்படிப்பட்ட சமாதிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்? ஹவானாவின் எஸ்பாடா இடுகாடு 1806இல் திறக்கப்பட்டது; அதன் சுவர்களில் பெட்டியைச் செருகும் மாடங்கள் வரிசையாக இருந்தன. அதற்குப் பின் வந்த கொலோன் கல்லறைத் தோட்டம் பளிங்கு மண்டபங்களின் நகரம். மத்தியதரைக்கடல் நாடுகளில் இது பழைய வழக்கம். பார்சிலோனாவில் காய்ந்த மலைச்சரிவில்கூட மாடச் சுவர்கள் எழும்பி நிற்கின்றன. அங்கே எந்த நீர் ஊறுகிறது?

நியூ ஆர்லியன்ஸ் விஷயத்திலும் ஆய்வாளர்கள் இதையே சொல்கிறார்கள். ஸ்பானியர் ஆட்சியில் 1789இல் தொடங்கிய புனித லூயி முதலாம் கல்லறைத் தோட்டத்தில் ஆரம்பத்தில் தரையில்தான் புதைத்தார்கள். மேலே கட்டும் வழக்கம் பின்னால் பெருகியது. சதுப்பு நிலம் அதற்குத் துணைபோனது. ஆனால் பிரெஞ்சு, ஸ்பானியக் குடும்பங்களின் ரசனையும் அந்தஸ்தும் இல்லாமல் அது அந்த உருவத்தை அடைந்திருக்காது. பணமுள்ளவன் மேலே கட்டினான், இல்லாதவன் ஈரத் தரையிலேயே போனான் என்பதைப் பார்த்தால், தண்ணீரை மட்டும் காரணமாகச் சொல்வது எவ்வளவு அரைகுறை என்று புரியும்.

தண்ணீரைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டாலும் தரைமேல் கல்லறை இருக்கும் என்பதற்கு ஓகினாவாவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஜப்பானின் தென்கோடியிலுள்ள ரியூக்யூ தீவுக்கூட்டத்தின் பெரிய தீவு அது. அங்கும் பல இடங்களில் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் மேடும் பள்ளமுமாக உயர்ந்த தீவு. நீர் ஊறும் பயம் பெரிதாக இல்லை. அந்தக் குன்றுச் சரிவுகளில் ஆமை முதுகின் வடிவில் வளைந்த கூரையுடைய பெரும் கல்லறைகள் நிற்கின்றன. தென்சீனத்திலிருந்து வந்த வடிவம் என்று கருதப்படுகிறது. கூரையின் வளைவைத் தாயின் கருப்பையாகவும், இறந்தவர் அங்கே திரும்பிப் போவதாகவும் ஊரார் விளக்கம் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்குச் சொந்தம். வாசலுக்கு முன்னால் முற்றம் இருக்கும். ஏப்ரல் வாக்கில் ஷீமி நாளன்று குடும்பமே சாப்பாட்டு அடுக்குகளோடு வந்து அந்த முற்றத்தில் உட்கார்ந்து, இறந்தவர்களுக்குப் படைத்துவிட்டுத் தாங்களும் உண்டு, பேசிச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

உள்ளே நடந்தது இரண்டு கட்ட அடக்கம். முதலில் உடலைப் பெட்டியோடு கல்லறைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். சில ஆண்டுகளில் தசை முழுதும் போய்விடும். பிறகு கல்லறையைத் திறந்து எலும்புகளை எடுத்து, அரிசிச் சாராயமான அவமோரியாலும் நீராலும் கழுவி, அலங்கரித்த சாடியில் முறையாக அடுக்கி உள்பக்கத் தட்டில் வைப்பார்கள். கழுவும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது. மருமகள் மாமியாரின் எலும்பைக் கழுவுவது எத்தனை பாரமான கடமை என்று யோசித்துக்கொள்ளலாம். பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துத் தகனமேடை கேட்டுப் பேசியதற்குப் பின்னால் நியாயம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தகனம் பரவி, எலும்பு கழுவுவது சில சிறு தீவுகளில் மட்டும் எஞ்சியது.

ரியூக்யூ மன்னர் ஷோ ஷின் 1501இல் ஷுரியில் கட்டிய தாமாஉதுன் கல்லறை இந்த முறைக்கு அரச வடிவம். மூன்று அறைகள். நடு அறையில் உடல் எலும்பாகும்வரை இருக்கும். கழுவியபின் அரசர், அரசியின் எலும்புகள் கிழக்கு அறைக்கும் மற்றவர்களுடையவை மேற்கு அறைக்கும் போகும். காற்றோட்டமுள்ள கல் அறை, வெப்பமான தீவு, சில ஆண்டுகள் காத்திருப்பு: காஸ்பர் பின்னாளில் எழுதிய விதியை அவர்கள் அறைகளாகவே கட்டி வைத்திருந்தார்கள். 1879இல் ஜப்பான் அந்த அரசை ஒழித்த பிறகு சாதாரணக் குடும்பங்களும் ஆமை முதுகுக் கல்லறைகளைக் கட்டத் தொடங்கின. 1945இல் அமெரிக்கப் படை தீவில் இறங்கியபோது, குண்டுக்குத் தப்பி ஓடிய மக்கள் தங்கள் முன்னோரின் சாடிகளோடு இந்தக் கல்லறைகளுக்குள்தான் பதுங்கினார்கள்.

தரைமேல் கட்டினால் எல்லாம் நலம் என்றும் எண்ண வேண்டாம். பெட்டகம் என்பது கதவுள்ள அறை. கதவு இருந்தால் திறப்பவனும் இருப்பான். 1933இல் கீ வெஸ்ட் மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே பணியாளன், காசநோயால் இறந்த இளம்பெண்ணின் உடலைக் கல்லறை மாடத்திலிருந்து இரவில் திருடி ஏழாண்டுகள் தன் வீட்டில் வைத்திருந்தான். அந்த மாடத்தைக் கட்டிக் கொடுத்ததே அவன்தான். 1940இல் விஷயம் வெளியே வந்தபின் உடலை அதே தோட்டத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், தரைக்குக் கீழே புதைத்தார்கள்.

மனிதனைவிடப் பொறுமையான எதிரி உப்புக் காற்று. அதிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். கம்பி வீங்கும், கான்கிரீட் பிளந்து உதிரும். கடலோரத்தில் வீடு கட்டிய எவருக்கும் இது புதிதல்ல. பழைய சுண்ணாம்புச் சாந்து வேலையில் கம்பியே இல்லை என்பதால் நூறாண்டு தாண்டியும் சில நிற்கின்றன. விரிசல் விட்டதும் உடும்பு போன்ற பச்சை இகுவானாக்கள் குடிபுகுந்துவிடுகின்றன. கீ வெஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் பகலில் மிகச் சுறுசுறுப்பாக நடமாடும் குடிமக்கள் அவைதான்.

கீ வெஸ்டில் 1913 முதல் கடல்மட்டத்தை அளக்கும் கருவி இயங்குகிறது. அதன் பதிவுகளின்படி கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நூறு ஆண்டுக்குக் கால் மீட்டர். நிலத்தடி நீரின் மேல்மட்டம் ஏறக்குறைய கடல்மட்டமே என்று முன்பு பார்த்தோம். கடல் உயர்ந்தால் அதுவும் கூடவே உயரும், அதுவும் அடியிலிருந்து. பொந்தும் பிளவுமான பாறையில் கடற்சுவர் கட்டித் தடுக்க முடியாது. நீர் சுவருக்கு அடியில் புகுந்து வரும். தோட்டத்தின் மேட்டுப் பகுதிக்குப் பொருந்தாது என்று நான் தள்ளிய தண்ணீர்க் காரணம், வரும் நூற்றாண்டுகளில் அங்கும் மெல்ல மெல்லப் பொருந்தத் தொடங்கும். 2005இல் வில்மா புயல் கடலை ஏற்றியபோது ஊரின் பெரும்பகுதி நீரில் நின்றது. மேடான பழைய ஊர்ப்பகுதி தப்பியது. கல்லறைகளைக் காத்ததில் கான்கிரீட்டைவிட அந்தச் சில அடி உயரத்துக்கே பங்கு அதிகம்.

அந்த உயரமும் இல்லாத தீவுகள் இருக்கின்றன. வர்ஜீனியா மாநிலத்தின் செசபீக் வளைகுடாவிலுள்ள டாஞ்சியர் தீவில் மேட்டு நிலம் அரிதென்பதால் வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்து மேலே கான்கிரீட் பலகை போட்டிருக்கிறார்கள். 1850இலிருந்து அத்தீவு தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டது. கைவிடப்பட்ட வடபகுதியில் 2012இன் சாண்டி புயலுக்குப் பின் கல்லறைக் கற்களும் எலும்புகளும் கரையில் கிடந்தன. பசிபிக்கின் மார்ஷல் தீவுகளில், 2014 வசந்தகாலப் பேரோதங்கள் இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஜப்பானியப் படைவீரர்கள் என்று கருதப்படும் 26 பேரின் எலும்புக்கூடுகளை வெளியே இழுத்துப்போட்டன. அந்நாட்டின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் டோனி டி ப்ரம், ஜெர்மனியில் நடந்த காலநிலைப் பேச்சுவார்த்தையின்போது இதைச் செய்தியாளர்களிடம் சொன்னார். அங்கே தரையின் உயரமே பெரும்பாலும் இரண்டு மீட்டர்தான். பெட்டகத்தை மேலே தூக்கிக் கட்டலாம். தரையையே அலை தின்னும்போது அது எதன்மேல் நிற்கும்?

மிசூரி ஆற்று வெள்ளத்துக்குப் பின் ஹார்டினில் மீட்ட உடல்களில் பெரும்பாலானவை யாருடையவை என்று கடைசிவரை தெரியவில்லை. பெயர் பொறித்த கல் ஓரிடத்தில் கிடந்தது, பெட்டி வேறெங்கோ போயிருந்தது. தாழ்ந்த தீவிலோ ஆற்றுப்படுகையிலோ சொந்தக்காரர்களை அடக்கம் செய்பவர்கள், மிதப்பைத் தடுக்கும் பட்டையும் ஆணியும் போடுவதற்கு முன், குறைந்த செலவில் ஒன்றைச் செய்துவிடலாம்: துருப்பிடிக்காத சின்னத் தகட்டில் பெயரையும் ஊரையும் பொறித்து, பெட்டியில் ஒன்றும் பெட்டகத்தில் ஒன்றுமாகத் தனித்தனியே பதித்துவிடுங்கள்.